19 வோல்ட் போதும்

கணினியின் ஹெட்ஃபோன் துளையில் கிடைப்பது ஏறத்தாழ 1 வோல்ட். 32 ஓம் மின்தடையுள்ள ஹெட்ஃபோனை அதில் செருகினால் 30 மில்லிவாட் திறன் அதற்குப் போய்ச் சேரும். ஹெட்ஃபோன் காதை ஒட்டி இருப்பதால் அந்தத் துளியூண்டு திறனே காதை அடைத்துவிடும். அதே துளையில், மரப்பெட்டிக்குள் 8 அங்குல ஊஃபர் வைத்த பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கரின் ஒயர்களை இணைத்துப் பாருங்கள். பாட்டு வரும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால்தான் காதில் விழும். காரணம் ஓம் விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வோல்ட் கொடுக்க 125 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். துளைக்குப் பின்னால் இருக்கும் சில்லு அதில் கால் பங்கைத் தருவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் கேட்டால் வோல்ட் சரிந்துவிடும், ஒலி நசுங்கிவிடும். சில மில்லிவாட்டோடு கதை முடிந்துவிடும்.

இந்த இடைவெளியைக் குறைந்த செலவில் நிரப்புவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். இதை ஓசூரில் வைத்துச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு. அங்கே கூடத்துச் சுவரில் சவுண்ட்பார் ஏறியதும் பழைய ஸ்டீரியோ செட் பரணுக்குப் போகிறது; பரணிலிருந்து காயலான் கடைக்குப் போகிறது. பெரும்பாலும் செத்துப்போயிருப்பது ஆம்ப்ளிஃபயர்தான். ஸ்பீக்கர் பெட்டி அப்படியே இருக்கும். பெங்களூரின் சண்டே பஜாரில் அப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் பாகங்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடும் அதே ஊரில்தான். அத்திப்பள்ளி தாண்டி ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இவை இருப்பது, சிப்காட்டைச் சுற்றி வாடகை அறையில் தங்கி ஷிஃப்ட் பார்க்கும் இளைஞருக்குப் பெரிய வசதி. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். அதற்கு முன் வாட் கணக்கை முடித்துவிட வேண்டும்.

வாட் விஷயத்தில் நம் மக்களை ஏமாற்றிய அளவுக்கு வேறெதிலும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். கையடக்கப் பெட்டியின் மீது 3000 வாட், 5000 வாட் என்று அச்சடித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் பிஎம்பிஓ என்று போட்டு விற்றார்கள். அப்படி ஒரு அளவைக்கு உலகில் எங்கும் பொதுத் தரநிலை கிடையாது. அச்சடிப்பவர் நினைத்த எண்தான் அளவு. வாங்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்டை மட்டும் பார்த்து.

ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும் என்பதை முடிவு செய்வது அதன் உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அந்த எண். வீட்டு ஸ்பீக்கர்களில் 88 டெசிபல் என்பது சாதாரணம். டெசிபலுக்கு இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும், காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். இதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற, வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப்ளிஃபயருக்கும் 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கும் விலையில் இருக்கும் தூரம் காதில் வெறும் 3 டெசிபல்தான்.

இனி அறைக்குள் வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றாக, நிறைவாகக் கேட்க 75 டெசிபல் போதும். தூரம் இரட்டிப்பானதில் 6 டெசிபல் குறையும் என்பதால் 1 மீட்டரில் 81 டெசிபல் வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது 1 வாட்டைவிட 7 டெசிபல் குறைவு. வாட்டில் சொன்னால் 0.2. ஆம், கால் வாட்டுக்கும் குறைவு. ஆனால் பாட்டில் எல்லா நொடியும் ஒரே அளவில் இருக்காது. தவில் அடி விழும்போது சராசரியைவிட 15 டெசிபல் எகிறலாம். அந்தக் கணத்துக்கு மட்டும் 30 மடங்குக்கு மேல், அதாவது 6 வாட் சொச்சம் தேவைப்படும். அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதையும், ஸ்பீக்கர்கள் இரண்டு என்பதையும் சேர்த்தால் தேவை இன்னும் குறையும். ஒரு பக்கத்துக்கு உண்மையான 20 வாட் இருந்தால் அந்த அறைக்கு அது தாராளம். கல்யாண மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வேறு கணக்கு. அது இந்த அத்தியாயத்தின் வேலை இல்லை.

20 வாட் எங்கிருந்து கிடைக்கும்? முப்பது வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் ரேடியோ மெக்கானிக் கடையில் பதில் இருந்தது. 2என்3055 டிரான்சிஸ்டர், பிறகு டிடிஏ2030, கொஞ்சம் காசு இருந்தால் எஸ்டிகே வரிசை ஐசி. அதற்கு ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர், கைகொள்ளாத அளவுக்கு அலுமினிய ஹீட்சிங்க், தகரப் பெட்டி. எத்தனையோ டீக்கடைகளும் பஸ்களும் அந்த அசெம்பிள் செட்டுகளில் பாடின. அவற்றை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முறையில் ஒரு விரயம் பிறவியிலேயே இருந்தது. டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நின்று, வேண்டாத மின்னழுத்தத்தைத் தன் உடம்பிலேயே தாங்கி, வெப்பமாக்கி வெளியேற்றும். இவ்வகையில் பி பிரிவு ஆம்ப்ளிஃபயரின் கோட்பாட்டு உச்சத் திறமையே 78.5 சதவீதம்; அதுவும் முழு வால்யூமில் மட்டும். 20 வாட் ஆம்ப்ளிஃபயரில் நம் 0.2 வாட்டைக் கேட்கும்போது அது 8 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மீதியெல்லாம் ஹீட்சிங்கைச் சுடவைக்கத்தான். செலவும் அங்கேதான்: ஐசியைவிட டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்கும் ஹீட்சிங்கின் அலுமினியத்துக்கும் கொடுத்த காசு அதிகம்.

வீட்டுச் சுவரில் இருந்த பழைய ஃபேன் ரெகுலேட்டர் நினைவிருக்கிறதா? உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. குறைந்த வேகத்தில் வைத்துத் தொட்டால் சுடும். அதுவும் மின்னழுத்தத்தை மின்தடையில் எரித்து வேகத்தைக் குறைத்தது. இன்று சுவிட்ச் போர்டுக்குள் அடங்கும் டிம்மர் வகை ரெகுலேட்டர் அப்படிச் சுடுவதில்லை. அது எதையும் எரிப்பதில்லை. மின்சாரத்தை ஒவ்வொரு அலையிலும் கொஞ்ச நேரம் வெட்டி, கொஞ்ச நேரம் விடுகிறது. முழுதாகத் திறந்த சுவிட்சில் மின்னோட்டம் இல்லை. முழுதாக மூடிய சுவிட்சில் மின்னழுத்தம் இல்லை. இரண்டில் எந்த நிலையிலும் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு.

நான் சொன்ன இரண்டாவது காரணம் இங்கே வருகிறது. ஓசூர்–கிருஷ்ணகிரித் தொழில் மண்டலமே இன்று இந்தத் திறந்து மூடும் வித்தையின் மீது நிற்கிறது. டிவிஎஸ் ஐகியூப் ஓசூரில் தயாராகிறது. ஏதர் ஸ்கூட்டரும் ஓசூரில். ஓலாவின் ஆலை இதே மாவட்டத்தில், போச்சம்பள்ளிப் பக்கம். இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் பேட்டரியின் நேர்மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி, மோட்டாருக்கு வேண்டிய அலையாக்கித் தருவது ஒரு கன்ட்ரோலர். தொழிற்சாலைக்குள்ளே கம்ப்ரஸரையும் கன்வேயரையும் ஓட்டும் விஎஃப்டி டிரைவ் செய்வதும் அதையே: 415 வோல்ட் மூன்று ஃபேஸை ஏறத்தாழ 590 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, திரும்பவும் துண்டுதுண்டாக வெட்டி, வேண்டிய வேகத்துக்கான அலையை உருவாக்குகிறது. துண்டுகளின் அகலத்தை மாற்றுவதால் இதற்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர். ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் பிடபிள்யூஎம். கிருஷ்ணகிரியை ஒட்டிய குருபரப்பள்ளியில் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. மின்வழங்கிகள் செய்வதில் உலக அளவில் பெரிய நிறுவனம் அது. லேப்டாப் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். சார்ஜர் வேலை செய்வதும் வெட்டி விடும் முறையில்தான். பல்லாயிரம் முறை வெட்டப்பட்ட மின்சாரத்துக்குச் சின்னஞ்சிறு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்பதால்தான் 65 வாட் சார்ஜர் சட்டைப்பையில் அடங்குகிறது. அதே 65 வாட்டுக்குப் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ ஒரு கிலோ கனக்கும்.

டி பிரிவு ஆம்ப்ளிஃபயர் என்பது காதுக்கான விஎஃப்டி. பாட்டின் அலை உயரும்போது துடிப்பு அகலமாகிறது, தாழும்போது குறுகுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3116 என்ற சில்லு நொடிக்கு 4 லட்சம் முறை திறந்து மூடுகிறது. வேண்டுமென்றால் 12 லட்சம் வரை போகும். 1000 ஹெர்ட்ஸ் குழலிசை ஒன்றின் ஒரே அலைக்குள் 400 துடிப்புகள். சில்லு பொருத்திய பலகையின் விளிம்பில் இருக்கும் செம்புச் சுருளும் கெப்பாசிட்டரும் துடிப்புகளை வடிகட்டிவிட, அவற்றின் சராசரி மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்தச் சராசரிதான் பாட்டு.

விஎஃப்டியில் ஓடும் மோட்டாரிலிருந்து கீச்சென்று ஒரு விசில் வருவதைத் தொழிலாளர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். டிரைவ்கள் பொதுவாக 2 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டுகின்றன. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெட்டும் ஓசை காதின் எல்லைக்குள்ளேயே விழுகிறது, மோட்டாரின் இரும்பு அதைப் பாடிக் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் 400 கிலோஹெர்ட்ஸில் வெட்டுவதால் அதன் விசில் மனிதக் காதுக்கு எட்டாது. பாட்டு மட்டும் எட்டும். ஒரே தத்துவம், வேகம் மட்டும் வேறு. ஷாப் ஃப்ளோரில் எட்டு மணி நேரம் அந்த விசிலைக் கேட்டுவிட்டு அறைக்கு வருபவர், அதே தத்துவத்தில் இசை கேட்கிறார் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இந்த எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் 1964இல் எக்ஸ்-10 என்ற ஆம்ப்ளிஃபயரைப் பாகங்களாக விற்றார். 10 வாட் என்று சொன்னார். அதில் கால் பங்குதான் வந்தது. அன்றைய டிரான்சிஸ்டர்களால் அத்தனை வேகமாகத் திறந்து மூட முடியவில்லை. வேகமான மாஸ்ஃபெட்கள் வந்த பிறகே வழி திறந்தது. 1998இல் டிரைபாத் என்ற அமெரிக்க நிறுவனம் டிஏ2020 சில்லை வெளியிட்டது. டிரைபாத் சில்லுகளை வைத்துச் செய்த மலிவான ஆம்ப்ளிஃபயர்கள், பல மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டன. உலகை உலுக்கிய 25 சில்லுகள் என்று ஐ-டிரிபிள்-இ ஸ்பெக்ட்ரம் இதழ் 2009இல் தொகுத்த பட்டியலில் டிஏ2020 சில்லும் இருந்தது. டிரைபாத் 2007இலேயே திவாலாகிவிட்டது. அது காட்டிய வழியில் மற்றவர்கள் நடந்தார்கள்.

இன்று டிபிஏ3116 பொருத்திய ஸ்டீரியோ பலகை சில நூறு ரூபாய். அதற்கு மின்சாரம் கொடுக்க, லேப்டாப் செத்த பின்னும் உயிரோடிருக்கும் 19 வோல்ட் சார்ஜர். அடியில் 3.42 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட். சில்லு 26 வோல்ட் வரை தாங்கும் என்று தரவுத்தாள் சொன்னாலும், மலிவான பலகைகள் சிலவற்றில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ஆகவே 24 வோல்ட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். 19 வோல்ட்டில் கிடைப்பதைப் பாருங்கள்: இழப்பு போக உச்சத்தில் 18 வோல்ட் ஊசலாட்டம், 18ஐ 18ஆல் பெருக்கி, பாதியாக்கி, 8 ஓமால் வகுத்தால் 20 வாட். நமக்கு வேண்டிய அதே எண். 4 ஓம் ஸ்பீக்கரானால் 40 வாட். வாங்கும் சார்ஜர் பழையதோ புதியதோ, பிஐஎஸ் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2012இல் தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின் கீழ் அந்த எண் இல்லாமல் இவ்வகைச் சார்ஜரை விற்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே நிற்பது சார்ஜரின் மின்காப்பு ஒன்றுதான். டைப்-சி சார்ஜர் மட்டும் வேறு சாதி: கேட்காதவரை 5 வோல்ட்டுக்கு மேல் தராது. 20 வோல்ட் கேட்டு வாங்க ஒரு சின்ன டிரிகர் பலகை தேவைப்படும்.

பழைய ஸ்பீக்கரை வாங்குமுன் மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 6 ஓம் பக்கம் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3 சொச்சம் காட்டினால் 4 ஓம். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப்பென்ற ஓசையோடு கூம்பு முன்னே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு ஸ்பீக்கருக்கும் இது ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினால் பாஸ் காணாமல் போகும். கூம்பைச் சுற்றிய ஃபோம் வளையம் பொடிந்திருந்தால் அதற்காகப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும், பொறுமையிருந்தால் ஒட்டிவிடலாம்.

இணைக்கும்போது ஒரே ஒரு விதியை மறக்கக் கூடாது. இந்தப் பலகையில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் லைவ். பழைய செட்டில் இரு ஸ்பீக்கரின் மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து பெட்டியின் தகரத்தில் முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மைனஸ்களைச் சேர்த்தால் சில்லு போய்விடும். நான்கு ஒயரும் நான்கு தனி முனைகளுக்கு. சார்ஜர் ஒயரை வெட்டி இணைப்பதானால் நடு ஒயர் பிளஸ், சுற்றியிருக்கும் வலை மைனஸ் என்பதே வழக்கம். ஆனாலும் மீட்டரில் பார்க்காமல் இணைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் ஒரு தொல்லை பலருக்கு வரும்: ம்ம்ம் என்ற ஹம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால், பலகையில் குற்றமில்லை. கணினிக்கு ஒரு சார்ஜர், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சார்ஜர், இரண்டையும் ஆடியோ ஒயர் இணைக்கிறது. எர்த் வழியாக ஒரு வளையம் உருவாகி அதில் கசியும் மின்னோட்டம் பாட்டோடு சேர்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவை வையுங்கள். ஹம் போக வேண்டும் என்று மூன்றாம் பின்னை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது, செய்யவே கூடாது. ஹம் இல்லாமல் கரகரப்பு மட்டும் வந்தால் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு உதவும். கணினியின் உட்புற இரைச்சலுக்கு வெளியே நின்று அது ஒலியை உருவாக்கும். கணினியில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, பலகையின் திருகில் கூட்டிக் குறைப்பது நல்லது.

தொழில் ஊரில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஓசூரில் பக்கத்து அறைக்காரருக்குப் பகல்தான் இரவாக இருக்கக்கூடும். நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண் மூடியிருப்பார். பாஸ் ஒலி சுவரைக் கடந்து போவதுபோல் கீச்சு ஒலி போவதில்லை. பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் பாஸின் உறுமல் குறையும், பாட்டும் தெளிவாகும்.

கடைசியாக, ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் மோட்டார் டிரைவ் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். விஎஃப்டியைத் திறந்து 590 வோல்ட்டின் பக்கத்தில் மாணவரை நிறுத்த நீங்கள் தயங்குவது நியாயம். அதற்குப் பதில் இந்தப் பலகையையும் ஒரு பழைய சார்ஜரையும் மேசையில் வையுங்கள். 19 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. ஒரு பாட்டை ஓடவிட்டு, செம்புச் சுருளுக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் ஆஸிலோஸ்கோப்பின் முனையை வையுங்கள். ஸ்பீக்கரின் இரு முனையும் லைவ் என்பதால் ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ஸ்பீக்கர் முனையில் மாட்டாமல், சார்ஜரின் மைனஸில் மட்டும் மாட்டுங்கள். முதலில் சதுரத் துடிப்புகள் தெரியும், அடுத்து வளைந்து நெளியும் அலை தெரியும். நாளை ஸ்கூட்டர் ஆலையிலோ டிரைவ் பேனலிலோ நிற்கப்போகும் மாணவர் பிடபிள்யூஎம்மைக் கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்ள, இதைவிட மலிவான பாடக்கருவி எனக்குத் தெரிந்து இல்லை.